வியாழக்கிழமைக்குள் உருண்டையா, மவுஸா

என் மகளுக்கு வலது மணிக்கட்டு வீங்கிய வருஷம் அது. தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம். எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே விடச் சொன்னேன். அடுத்தவர் வாயில் கை வைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மகள் வீடு காரைக்குடியில். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ் என்று எழுத்தடித்துக் கொடுப்பாள். பக்கத்துத் தெரு அச்சகத்துக்காரர் அதை வாங்கிப் போய் அச்சடிப்பார். அந்த அறைக்குள் போவதென்றால் செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது, பாதத்தில் ஒட்டிய மண்ணையும் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டில் சாமி மாடத்துக்குக்கூட அவ்வளவு கண்டிப்புக் கிடையாது. மாப்பிள்ளைக்குத் தேவகோட்டையில் வேலை. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார்.

நாள் முழுக்க மவுஸைப் பிடித்து இழுத்து இழுத்து அவளுக்குக் கை போய்விட்டது. மணிக்கட்டு சப்பாத்தி மாவு மாதிரி உப்பியிருந்தது. கட்டைவிரலை மடக்கினால் முழங்கை வரை இழுத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "மூணு மாசம் அந்தச் சாமானத் தொடாதம்மா" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆடி முடிய இருந்தது, ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கிற சமயம். மூன்று மாதம் இவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அச்சகத்துக்காரர் மதுரையில் ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிடுவார். போன வேலை திரும்பி வராது. அவள் ஆறு வருஷமாக ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் பெயரெடுத்து வைத்திருந்த வேலை அது.

என் மகள் அழுகிற ரகம் இல்லை. பாத்திரத்தை நங்கென்று வைக்கிற ரகம். கை வலியோடு பாத்திரத்தையும் நங்கென்று வைக்க முடியாமல் போனதும்தான் என் ஊர் கண்டரமாணிக்கத்துக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள், ஆத்தாவை வரச் சொல் என்று. பத்து நாளைக்கு என்று ஒரு பையோடு வந்தேன்.

எனக்கு அந்த வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காஸ் அடுப்பு, மிக்ஸி, குழாயைத் திருகினால் தண்ணீர். பத்து மணிக்கெல்லாம் சமையல் முடிந்துவிடும். அப்புறம் என் கைக்கு என்ன வேலை? வாசலுக்குப் போவேன், அடுப்படிக்கு வருவேன், முன்னறைக் கதவைப் பிடித்துக்கொண்டு மகள் கையைப் பார்ப்பேன், மறுபடி வாசலுக்குப் போவேன்.

"ஆத்தா, ஒரு எடத்துல உக்காரேன். நீ நடக்குறது என் மண்டைக்குள்ள நடக்குற மாதிரி இருக்கு."

"நான் செருப்புக்கூடப் போடலையே."

"போடாமலே கேக்குது."

இப்படி இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற தம்பி வந்தார். மாதம் ஒரு முறை வந்து பெட்டியைத் திறந்து தூசி தட்டிவிட்டுப் போகிறவர். மகள் கையைப் பார்த்ததும் பையிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒன்றில் புது மவுஸ், முதுகு வளைந்து கைக்கு அடக்கமாக இருந்தது. இன்னொன்றில் இருந்ததைப் பார்த்ததும் நான் கதவைவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதன் நடு மண்டையில் எலுமிச்சம்பழம் அளவில் சிவப்பு உருண்டை. நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இதுக்குப் பேரு டிராக்பால்க்கா" என்றார் அவர். "மவுஸ் மாதிரி மேசையில இழுக்க வேண்டியதில்ல. இது வச்ச எடத்துல கெடக்கும். விரல வச்சு உருண்டைய மட்டும் உருட்டுனாப் போதும், திரையில அம்புக்குறி ஓடும். மணிக்கட்டு அசையாது."

"உருட்டுனா எப்படித் தம்பி அங்குட்டு ஓடும்?" என்று நான் கேட்டேன். மகள் என்னை முறைத்தாள். ஆனால் அந்தத் தம்பி நல்ல மனுஷர். பழைய மவுஸைக் கவிழ்த்து, வயிற்றில் ஒரு மூடியைத் திருகி, உள்ளேயிருந்து ஒரு சின்ன ரப்பர் உருண்டையை என் உள்ளங்கையில் போட்டார்.

"பாத்தீங்களா பெரியம்மா, மவுசுக்கும் உருண்டைதான். அது வயித்துக்குள்ள குப்புறக் கெடக்குது. மவுச மல்லாக்கப் போட்டா அதுதான் டிராக்பால். அவ்வளவுதான் சமாச்சாரம்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இத்தனை நாளும் அந்த அறையில் எனக்குப் புரிகிற சாமான் ஒன்றுகூட இல்லை. குப்புறப் படுத்ததை மல்லாக்கப் போடுவது எனக்குப் புரிந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் புரியாதா?

இரண்டையும் வைத்துப் பாருங்கள், அடுத்த வியாழக்கிழமை வருவேன், வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் கொடுங்கள், ஆனால் கடைச் சாமான், பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் அன்றைக்கே உருண்டைப் பெட்டியை மாட்டினாள். மாட்டிவிட்டு என்னைப் பார்த்து விரலை நீட்டி, "ஆத்தா, இதை நீ தொடக் கூடாது. அடுத்தவுக சாமான்" என்றாள்.

"நான் எதுக்குத்தா தொடுறேன்?" என்றேன்.

முதல் இரண்டு நாள் அவளுக்கும் அந்த உருண்டைக்கும் ஆகவே இல்லை. அம்புக்குறி சொன்ன இடத்தில் நிற்காமல் கட்டவிழ்த்த கன்று மாதிரி ஓடியது. ஒரு படத்தை இழுக்க வேண்டுமென்றால் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கியபடியே மற்ற விரல்களால் உருட்ட வேண்டும். அது கை வரவில்லை. "சனியன்" என்பாள். பிடுங்கிவிட்டு மவுஸை மாட்டுவாள். அரை மணியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி உருண்டையை மாட்டுவாள். நானும் கதவுக்கும் அடுப்படிக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். அவள் மவுஸை எடுத்தால் அந்தக் கையைப் பார்க்கப் பொறுக்காமல் அடுப்படிக்குப் போவேன், உருண்டையை எடுத்தால் என் விரலெல்லாம் துறுதுறுவென்று இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். நான் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சும்மா ஒரு விரலை அந்த உருண்டை மேல் வைத்தேன். திரையில் அம்புக்குறி லேசாக நகர்ந்தது. இந்தப் பக்கம் உருட்டினேன், இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் உருட்டினேன், அந்தப் பக்கம் போனது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். நாற்பது வருஷம் ரேஷன் கடையில், பஸ்ஸில், பத்திர ஆபீஸில் எங்கே போனாலும், இது என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்தவர் முகத்தைப் பார்த்தவள் நான். இங்கே நான் ஓடு என்றால் ஓடுகிறது, நில் என்றால் நிற்கிறது. எழுத்து மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். என்ன எழுத்தோ, யார் பெயரோ. ஆனால் நிறுத்தினது நான்.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கும் அது கைக்கு வந்துவிட்டது. நெற்குப்பை என்ற ஊரிலிருந்து ஒரு ஆச்சி பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்திருந்தார். அவர்கள் வீட்டில் நடுவீட்டுக் கோலம் என்று, விசேஷ நாளில் நட்ட நடு வீட்டில் மாக்கோலம் போடுவார்கள். அந்தக் கோலத்தைத் தாளில் வரைந்து கொண்டுவந்து, பத்திரிகையைச் சுற்றி இதே கோடுதான் ஓட வேண்டும், கடையில் விற்கிற பூவெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மவுஸில் அந்த நீளக் கோட்டை இழுத்தால் பாதியில் மேசை தீர்ந்துபோகும், தூக்கி வைத்து மறுபடி இழுக்க வேண்டும், ஒட்டுப் போட்ட இடம் தெரியும். உருண்டையில் அந்தத் தொல்லை இல்லை. உருட்டிக்கொண்டே போகலாம். ஒரு பக்கக் கோட்டை ஒரே மூச்சில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வலிக்கலத்தா" என்றாள். ஆறேழு வயசில் கீழே விழுந்து எழுந்து, ரத்தம் வரவில்லை என்று காட்டுவாளே, அந்த முகம்.

நான் போய் அடுப்படியில் நின்றுகொண்டு யாருக்கும் தெரியாமல் கும்பிட்டேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் இளவயசில் பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு இருந்தேன். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். வருஷத்துக்கு ஒரு தடவை விசேஷத்துக்கு வருவார்கள். மற்ற நாளெல்லாம் வீடு பூட்டித்தான் கிடக்கும். அமாவாசைக்கு அமாவாசை திறந்து கூட்டி, வாசலிலிருந்து பின்கட்டு வரை உள்ள எல்லாக் கதவுக்கும், அது நின்று சுழல்கிற குடுமியில் விளக்கெண்ணெய் விடுவது என் வேலை. பர்மாத் தேக்குக் கதவு, ஒவ்வொன்றும் ஆள் ஒன்றரை உயரம். எண்ணெய் விட மறந்தால் வீடே யானை மாதிரிப் பிளிறும். அந்த வீட்டுப் பெரிய ஆச்சி வந்து இறங்கியதும் முதலில் என்னைக் கேட்க மாட்டார், கதவைத்தான் கேட்பார். ஒரு விரலால் தள்ளுவார். சத்தமில்லாமல் திறந்தால் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அந்தத் தலையசைப்புக்காகக் கிணற்று ராட்டினம், தையல் மெஷின், ஊஞ்சல் கொக்கி என்று அந்த வீட்டில் சுற்றுகிற, அசைகிற சாமான் எதையும் நான் விட்டதில்லை. சுற்றுகிறது என்றால் எண்ணெய் கேட்கும். என் கை அதைத்தான் படித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் படுத்ததும் மறுபடி போய் உருட்டினேன். ஒரு இடத்தில் லேசாகக் கரகரவென்றது. காதை வைத்துக் கேட்டேன். கரகரப்புத்தான். ஐயோ பாவம், புதுச் சாமான், யாரும் எண்ணெய் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பெட்டியைக் கவிழ்த்தேன், உருண்டை கையில் வந்து விழுந்தது. அடுப்படிக்குப் போய் விளக்கெண்ணெய் எடுத்து வந்து, குழிக்குள் நாலு சொட்டு, உருண்டையில் ஒரு சொட்டு விட்டுத் தடவி, உள்ளே வைத்து உருட்டினேன். வெண்ணெய் மாதிரி வழுக்கியது. சத்தமே இல்லை. பெரிய ஆச்சி பார்த்தால் தலையசைப்பார்.

அம்புக்குறியைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உருண்டையைத்தான் பார்த்தேன்.

சாயந்தரம் மகள் வந்து உட்கார்ந்தாள். உருட்டினாள். உருண்டை சுற்றுகிறது, அம்புக்குறி நின்ற இடத்தில் நிற்கிறது. திடீரென்று ஒரு குதி குதிக்கிறது, மறுபடி நிற்கிறது. கோலக் கோடு கோணல்மாணலாகப் போனது. அழித்தாள், போட்டாள், அழித்தாள். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். அப்போதும் அப்படியேதான்.

"என்னத்தா ஆச்சு?" என்றேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

"தெரியல. காலையில நல்லாத்தான் இருந்துச்சு. இதெல்லாம் மதுரை மெட்ராஸ்ல ஏசி ரூம்ல வச்சுப் பாக்குற சாமான். நம்ம ஊரு புழுதிக்குத் தாங்காது போல."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. தொடாதே என்று விரல் நீட்டிச் சொன்னாள், நான் எதுக்குத் தொடுகிறேன் என்று சொன்னேன். இரண்டும் கண் முன்னால் நின்றன. கடைச் சாமான் வேறு. ஒரேயடியாகக் கெட்டுப்போயிருந்தால்? மகள் வீட்டுக்கு ஒத்தாசைக்கு வந்தவள் உபத்திரவமாகிப்போனால்? விளக்கேற்றப் போய்விட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் மவுஸுக்குப் போய்விட்டாள். புது மவுஸ்தான், கைக்கு அடக்கமானதுதான், இருந்தாலும் இழுப்பது இழுப்பதுதானே. மத்தியானத்துக்குள் மணிக்கட்டு மறுபடி உப்பியது. அன்றைக்கென்று நெற்குப்பை ஆச்சியும் வந்தார்.

"என்னத்தா, கோலம் பாதியில நிக்குது? மாப்பிள்ளை வீட்டுல பத்திரிக எங்க எங்கன்னு கேக்குறாக."

"முடிச்சுருவேன் ஆச்சி. கைதான் கொஞ்சம்..."

"கை என்ன?" என்று அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அடி ஆத்தி! இந்தக் கைய வச்சுக்கிட்டா எங்க வீட்டு அப்பச்சி, பெரியவுக பேரெல்லாம் அடிக்கிற? அம்பது பேருல்ல வரும்! வேற யாருகிட்டயாச்சும் குடுக்கட்டுமா? வருத்தப்படாத, கோவத்துல சொல்லல."

"வேண்டாம் ஆச்சி. நானே முடிச்சுத் தாரேன்."

அந்த அம்மாள் பாவம், நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் வேற யாருகிட்டயாச்சும் என்ற சொல் என் மகள் முகத்தில் அறைந்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஆச்சிக்குக் காப்பி போடப் போனேன். சர்க்கரை போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டேன். ஆச்சி ஒரு வாய் குடித்துவிட்டு, "கல்யாண வீட்டுக் காப்பியே இவ்வளவு இனிக்காது" என்று டம்ளரை வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். எங்கள் பக்கம் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவது வழக்கமில்லை. அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டாலும் குழந்தை மூலமாகத்தான் பேச்சு. பேத்திக்கு அப்போது அஞ்சு வயசு. இதை எழுதுகிறவளேதான்.

"பாப்பா, அப்பாகிட்டக் கேளு, ஒரு சாமானுக்குத் தெரியாம எண்ணெய் போட்டுட்டா என்ன ஆகும்னு."

மாப்பிள்ளை சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "எந்தச் சாமானுக்குன்னு அம்மாச்சிகிட்டக் கேளும்மா."

"பொதுவாத்தான் கேட்டேன்னு சொல்லு."

"பொதுவா நல்லதுதான்னு சொல்லு. நம்ம சைக்கிளுக்குக்கூடப் போட வேண்டி இருக்கு."

அந்த வழியும் அடைபட்டது. மறுநாள் காலையில் மாப்பிள்ளை சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். வேறென்ன செய்வது, வாயால் கேட்டுவிட்டாரே.

புதன்கிழமை முழுக்க நான் உட்காரவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். அரிசியை இரண்டு தடவை புடைத்தேன். முன்னறையில் மவுஸை இழுக்கிற சத்தம் கேட்கும், அப்புறம் நிற்கும். நின்றால் கையை உதறுகிறாள் என்று அர்த்தம். மறுபடி கேட்கும், நிற்கும். சாயந்தரம் அடுப்படிக்கு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கையை ஈரத் துணியில் சுற்றியிருந்தாள்.

"நாளைக்கு அந்தத் தம்பி வருவாரு. உருண்டையத் திருப்பிக் குடுத்துரப் போறேன்."

"மவுசு?"

"அதையும்தான் வச்சுக்கிட்டு என்ன செய்ய? நெற்குப்பை ஆச்சி வேலைய எப்படியாச்சும் முடிச்சுட்டு, அச்சகத்துல சொல்லிரலாம்னு இருக்கேன். மதுரைக்கே குடுத்துக்கங்கன்னு. மூணு மாசம் கழிச்சுக் கேட்டுப் பாக்குறேன், குடுத்தாக் குடுக்கட்டும்." ஈரத் துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். "அந்த உருண்டை ஒருநா நல்லா இருந்துச்சுல்லத்தா. அதுதான் மனசு ஆறமாட்டேங்குது. மொதல்லயே நல்லா இல்லாம இருந்திருக்கலாம்."

அப்போதும் நான் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு என்ன சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய் அவள் கைக்கு வெந்நீர் வைத்தேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்தத் தம்பி வந்தார். மகள் உருண்டைப் பெட்டியைத் துணியால் துடைத்து, ஒயரைச் சுருட்டி, அட்டைப் பெட்டியில் வைத்து மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"இது சரிப்படல தம்பி. மூணு நாளுதான் ஓடுச்சு. அப்புறம் பிடிக்கவே மாட்டேங்குது."

"அப்படியாக்கா? மதுரையில ஒரு டிராயிங் ஆபீஸ்ல ரெண்டு வருசமா ஓடுது, ஒரு கம்ப்ளைண்ட் இல்ல. சரி, பீஸ்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும், கம்பெனிக்கு அனுப்பிருறேன்." பையைத் திறந்து பெட்டியை உள்ளே வைத்தார்.

பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது.

"தம்பி, அதுல எண்ணெய் இருக்கு" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுல பெரியம்மா?"

"அந்த உருண்டையில. நான்தான் விட்டேன். கரகரன்னுச்சு. விளக்கெண்ணெய். நல்ல எண்ணெய்தான், செக்குல ஆட்டுனது."

அந்தத் தம்பி என் முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பெட்டியைப் பிரித்து, உருண்டையை எடுத்து மூக்கில் வைத்தார். அவ்வளவுதான், அவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அக்கா, எங்க அம்மா புள்ளையக் குளிப்பாட்டுறப்போ அடிக்கிற வாசம்க்கா இது! பெரியம்மா, இந்த உருண்டை சுத்துறப்போ உள்ள இருக்கிற சின்ன உருளைகளும் கூடவே சுத்தணும். உரசுனாத்தான் அதுகளுக்கு வேலை. நீங்க எண்ணெய் விட்டதும் உருண்டை மட்டும் தனியாச் சறுக்கிக்கிட்டுச் சுத்துது, உருளை தூங்குது."

"அப்ப உரசலு வேணுமா?"

"உரசல்தான் எல்லாமே."

என் அறுபது வருஷத்துப் படிப்பு அங்கே போயிற்று. உரசக் கூடாது என்பதற்காகத்தானே உலகத்தில் எண்ணெய் என்று ஒன்று இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

மகள் சிரிக்கவில்லை. "எப்ப விட்ட?" என்றாள்.

"ஞாயித்துக்கெழம."

"நாலு நாளு. என் கையப் பாத்துக்கிட்டேதான இருந்த?"

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"நேத்து அம்புட்டுச் சொன்னேனே, அப்பயாச்சும் வாயத் தொறந்திருக்கலாம்ல?"

"தொறந்திருக்கலாம்."

"கரகரன்னுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. எண்ணெய் விட்டதைச் சொல்லிவிட்டேன், இது வெட்கம். "மத்தியானம் மத்தியானம் நீ படுத்ததும் உருட்டுவேன்" என்றேன். "அம்புக்குறி நான் சொன்னதைக் கேட்டுச்சு."

அந்தத் தம்பி இந்தப் பேச்சில் நிற்க விரும்பாமல் உருண்டையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். குழிக்குள் இருந்த உருளைகளை, குச்சியில் பஞ்சைச் சுற்றி ஏதோ மருந்தில் நனைத்துத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வர வர என் உடம்பு கூசியது. காய வைத்து, உருண்டையை வைத்து, ஒயரை மாட்டினார்.

"பாருங்கக்கா."

மகள் உட்கார்ந்து விரல்களை வைத்தாள். அம்புக்குறி ஓடியது. நின்றது. வளைந்தது. நாங்கள் மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கரகரப்பும் திரும்பி வந்திருந்தது. எனக்குக் கேட்டது, சொல்லவில்லை.

"இன்னும் ஒரு வாரம் வச்சுப் பாக்குறீங்களா? எதுக்கும் அவசரப்பட வேண்டாம்" என்றார் அவர்.

அவள் பாதியில் கிடந்த கோலத்தைத் திறந்தாள். பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு மெதுவாக உருட்டினாள். முதல் கோடு கோணியது, அழித்தாள். இரண்டாவதும் கோணியது, அழித்தாள். மூன்று நாள் மவுஸ் பிடித்த கைக்கு மறுபடி பழக வேண்டாமா? மூன்றாவது கோடு மூலை திரும்பி அடுத்த பக்கம் வரை போனது. கையை எடுத்து, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மேசையில் இருந்த புது மவுஸை ஒயரோடு எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஒரு வாரமெல்லாம் வேண்டாம் தம்பி. இதைக் கொண்டுட்டுப் போங்க. உருண்டை இருக்கட்டும்."

"கை தேவலாம்னு தோணுதா?"

"தேவலாமான்னு இப்ப எப்படித் தெரியும்? ஆனா இதோட ஆவணிய ஓட்டிருவேன்."

அவர் மவுஸை வாங்கிப் பையில் போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் மட்டும், "பெரியம்மா, வெறும் துணி. வேற எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையை ஆட்டினேன்.

திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் திரும்பாமலே பேசினாள்.

"ஆத்தா, நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இருத்தா."

"இங்குட்டு நிக்காத. நீ மூச்சு விடுறது எனக்குக் கேக்குது. வாசலுக்குப் போ. கோலத்த முடிச்சுட்டுக் கூப்புடுறேன்."

வாசலுக்குப் போனேன். ஆடி வெயில் தெருவில் காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு நேராக நின்றேன். உள்ளே உருண்டை கரகரவென்று ஓடுகிற சத்தமும் பொத்தான் டிக் டிக்கென்று அமுங்குகிற சத்தமும் கேட்டன. நிற்குமோ, கையை உதறுவாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கால் சுட்டால் அடுத்த காலுக்கு மாறினேன். எதிர்வீட்டு அம்மாள் துணி காயப் போட வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன, இந்த வெயில்ல நிக்கிறீக? மக வீட்டுக்குள்ள விட மாட்டேங்குறாளா?"

"ஆமா, விரட்டிட்டா" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. உள்ள வேல ஓடுது."